விரல் மடங்கினால் எலும்பு முறியவில்லையா?

வேளச்சேரி–தாம்பரம் சாலையில் யாராவது வண்டியோடு சரிந்து கையை ஊன்றி விழுந்தால், தூக்கிவிட ஓடி வருகிறவர் முதலில் சொல்வது இதுதான்: "விரலை மடக்குங்க, பாப்போம்." மடக்கியதும் தீர்ப்பு வந்துவிடும்: "எலும்புக்கு ஒண்ணும் ஆகல, சுளுக்குதான்." பள்ளிக்கரணையில் டீக்கடை முதல் அடுக்குமாடிக் குடியிருப்பு வரை இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. முழுத் தவறு இது.

விரல்களுக்குள் தசையே கிடையாது. அவற்றை மடக்கும் பெரிய தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன. முழங்கைக்குக் கீழே மறு கையால் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள், தசை அங்கேதான் துள்ளும். அங்கிருந்து வரும் தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரலை இழுக்கின்றன. ஆகவே மணிக்கட்டு எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் விரல் மடங்கத்தான் செய்யும்.

மணிக்கட்டில் உள்ள 8 சிறு எலும்புகளில் அதிகம் முறிவது, கட்டைவிரல் பக்கத்து ஸ்கேஃபாய்டு. பெரிய வீக்கம் இருக்காது, கை கோணாது, வண்டிகூட ஓட்டலாம். கட்டைவிரலை விரித்து நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு குழி விழும். பொடி போடுகிறவர்கள் மூக்குப்பொடி வைக்கும் இடம். அங்கே அழுத்தி வலித்தால், முறிவு இல்லையென்று மருத்துவர் உறுதி செய்யும்வரை அதை முறிவு என்றே கொள்ள வேண்டும். மோதிரம், வளையல் எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள்.

முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமலும் போகலாம். அதனால்தான் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்கிறார்கள். "படத்துல ஒண்ணுமில்ல, காசு பறிக்கத்தான் கட்டு" என்று அவிழ்த்தெறிபவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்: இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கமிருந்து பின்னோக்கித்தான் பாய்கிறது. முறிவைக் கவனிக்காமல் விட்டால் பின்பகுதி ரத்தமின்றிச் செத்துப்போகலாம். ஒட்டாத எலும்பு சில ஆண்டுகளில் மூட்டையே தேய்த்துவிடும். இந்த முறிவில் மாட்டிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். இந்தக் கையைத்தான் எண்ணெய் விட்டு நீவிச் சொடக்கு எடுக்கிறார்கள்!

"கட்டு பிரிக்கும்வரை கையை அசைக்கக் கூடாது" என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. மருத்துவர் தடுக்காதவரை விரல், முழங்கை, தோளை முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். விரல் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கட்டு பிரித்த அன்றே ஸ்பாஞ்சு பந்தை அமுக்குவதும் வேண்டாம். வீக்கம் வடிந்து, விரல்நுனி உள்ளங்கையைத் தொட்டு, மணிக்கட்டு மடங்கிய பிறகுதான் பிடிவலுப் பயிற்சி. "கரண்ட் வச்சா போதும்" என்பதும் பொய். கையைத் திருப்பித் தருவது தினசரிப் பயிற்சிதான்.

1940களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். இடம் மாறிய நாணுக்குப் புது வேலையைக் கற்றுக்கொடுத்ததும் பயிற்சியே. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. ஆனால் பள்ளிக்கரணையில் கூலி வேலை பார்ப்பவர் ஒவ்வொரு பயிற்சிக்கும் வடசென்னை போய்வர முடியுமா? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. அதேபோல் கைப் பயிற்சியும் ஒவ்வொரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும், வேலை முடிந்து வருகிறவருக்கு மாலையில் கிடைக்க வேண்டும். உங்கள் வார்டு கவுன்சிலரிடம் இதைக் கேளுங்கள், மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள்.