தோட்டத்துக் குரல்களும் நமது ஒலிவாங்கியும்: குறைந்த செலவில் தரமான வலையொலி

வலையொலி என்பது இணையத்தின்வழித் தொடராக வெளியிடப்படும் ஒலி நிகழ்ச்சியாகும். ஆங்கிலத்தில் ‘பாட்காஸ்ட்’ எனப்படும் இச்சொல் 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலண்டன் ‘தி கார்டியன்’ நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் முதன்முதலாக இடம்பெற்றது. சொல் புதிது, தமிழ்க் குரலை ஒலியலையில் ஏற்றும் வேலை நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1934இல் பினாங்கு வானொலிச் சங்கம் தன் ஒலிபரப்பைத் தொடங்கியபோதே ஆங்கிலம், மலாய், சீனம் ஆகியவற்றோடு தமிழும் இடம்பெற்றிருந்தது. பின்னர் ரேடியோ 6 என்றும், அதன்பின் மின்னல் எஃப்எம் என்றும் பெயர் பெற்ற தமிழ்ப் பிரிவு நம் தாத்தா பாட்டியரின் வீட்டில் ஓர் உறுப்பினராகவே இருந்தது. அன்று ஒலிபரப்புக்கு நிலையம், கோபுரம், பொறியாளர் எல்லாம் தேவைப்பட்டன. இன்று ஒரு கைப்பேசியும் நூறு வெள்ளிக்குள் ஓர் ஒலிவாங்கியும் போதும்.

போதும் என்பது உண்மைதான். ஆயினும் மாணவர்கள் தொடங்கும் வலையொலிகளில் பல, கேட்பவர் ஐந்து நிமிடம் தாண்டாமல் நின்றுவிடுகின்றன. செய்தி குறைவு என்பதால் அன்று. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போன்ற ஒலியை எவரும் நெடுநேரம் கேட்கமாட்டார்.

இக்கட்டுரை சுங்கைப் பட்டாணியின் பாக்கார் ஆராங் வட்டாரத்தை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு. மலாயில் ‘பாக்கார்’ என்றால் சுடுவது, ‘ஆராங்’ என்றால் கரி. இன்று அங்கே இருப்பது தொழிற்பேட்டையும் தாமான்களும். சுற்றிலும் இருந்த இரப்பர்த் தோட்டங்களில் பல வீடமைப்புத் திட்டங்களாகவும் செம்பனைக் காடாகவும் மாறிவிட்டன. லயத்தில் பிறந்து, பால் மரம் வெட்டி, பெரட்டுக்கு விடியலில் நின்றவர்கள் இப்போது மகன் வீட்டு வரிசை வீட்டில், கூடத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு தொண்டர் படை கள்ளுக்கடை மறியல் நடத்தியது. 1947இல் போலீசாருடன் மோதலும் நேர்ந்தது. அப்போது பத்து வயதுச் சிறுவனாக வேடிக்கை பார்த்தவர் இன்று தொண்ணூறை நெருங்குகிறார். சயாம் மரண இரயிலுக்கு அழைத்துச் செல்லப்பட்டவர்களின் கதையைத் தந்தையின் வாயால் கேட்டவர்களும் அதே வயதினர்தாம். சிங்கப்பூரில் 1979இலேயே வாய்மொழி வரலாற்றுப் பதிவு தொடங்கித் தமிழ் நேர்காணல்களையும் சேமித்து வருகிறார்கள். கெடாவில் இந்தப் பணிக்கு ஒரு தமிழ் மொழிக் கழகத்தின் வலையொலி நல்ல தொடக்கமாக அமையும். ஆகவே, கருவி வாங்குவது எப்படி என்ற கேள்வியை ‘இந்தக் குரல்களைத் தெளிவாகப் பிடிப்பது எப்படி’ என்று மாற்றிக்கொள்வோம்.

முதலில் அறை, பிறகுதான் கருவி

கடைக்குப் போகுமுன் அறையைக் கவனிக்க வேண்டும். நம் வரிசை வீடுகளின் கூடம் ஒலிப்பதிவுக்கு மிக மோசமான இடம். தரை ஓடு, சிமெண்டுச் சுவர், கண்ணாடிச் சன்னல் எல்லாமே ஒலியைத் திருப்பியடிப்பவை. அந்த எதிரொலியை ஆயிரம் வெள்ளி ஒலிவாங்கியும் அப்படியே பதிவு செய்யும். சொல்லப்போனால், விலையுயர்ந்த ஒலிவாங்கி அதை இன்னும் நுட்பமாகவே பதிவு செய்யும்!

ஒலியை விழுங்குபவை தடித்த, மென்மையான பொருள்கள். மெத்தை, தலையணை, கனமான போர்வை, துணி நிறைந்த அலமாரி ஆகியவை உள்ள படுக்கையறையே வீட்டின் சிறந்த ஒலிப்பதிவுக் கூடம். பேசுபவரின் முதுகுக்குப் பின்னே ஒரு மெத்தையை நிறுத்திவைத்தாலே வேறுபாடு தெரியும். சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. மெல்லிய அட்டை குரலின் அடித்தள ஒலியை விழுங்குவதில்லை. அது அழுக்கைத்தான் சேர்க்கும்.

இரைச்சல் வேறு கதை. பாக்கார் ஆராங்கில் லாரியும் தொழிற்சாலைப் பேருந்தும் மோட்டார் சைக்கிளும் ஓயாது. பிற்பகல் மழை தகரக் கூரையில் விழத் தொடங்கினால் பதிவை நிறுத்துவதே நல்லது. வேலைநேரம் மாறும் பொழுதுகளையும் தொழுகை நேரங்களையும் முன்கூட்டியே குறித்துக்கொண்டு, முற்பகலில் ஓர் அமைதியான மணி நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். வெயிலில் முதியவரை விசிறியின்றி ஒரு மணி நேரம் உட்காரவைப்பது நியாயமில்லை என்பதால் பதினைந்து நிமிடப் பகுதிகளாகப் பதிவு செய்து, இடையில் விசிறியைப் போட்டுத் தண்ணீர் கொடுங்கள். குளிர்ப்பெட்டியின் உறுமலும் பதிவாகும். அதை நிறுத்தினால் கார்ச்சாவியை அதற்குள் போட்டுவையுங்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது சாவி தேடுவீர்கள், குளிர்ப்பெட்டியை மீண்டும் போட மறக்கமாட்டீர்கள்.

தூரமே பாதி தரம்

ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடுகிறது; அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கிறது. 40 சென்டிமீட்டரிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் ஆதாயம். காசு கொடுக்காமல் கிடைக்கும் ஆதாயம் இது. கைப்பேசியை மேசை நடுவில் வைத்து மூவர் சுற்றி அமர்ந்து பேசும் பதிவு ஏன் கெடுகிறது என்பதற்கும் இதுவே விடை.

மிக நெருங்கினால் மூச்சுக்காற்று ஒலிவாங்கியில் மோதி ‘டம்’ என்ற ஒலி எழும். ஆங்கிலச் சொல் முதலில் வரும் பகரம் காற்றைத் தள்ளிக்கொண்டு வருவது. நம் வல்லினப் பகரத்தில் அவ்வளவு காற்று இல்லை. ஆங்கிலம் கலந்து பேசும் நம் மாணவர்களிடம்தான் இச்சிக்கல் மிகுதி. ஒலிவாங்கியை வாய்க்கு நேராக வைக்காமல் கன்னத்தின் பக்கம் சற்றுச் சாய்த்து வைத்தால் காற்று விலகிப் போகும். மேலே ஒரு பஞ்சு உறை போதுமானது.

என்ன வாங்கலாம்?

ஒலிவாங்கிகளில் இரு வகை முதன்மையானவை. கண்டென்சர் வகை நுட்பமானது; பக்கத்து வீட்டு நாயையும் பிடிக்கும். டைனமிக் வகை அருகிலுள்ள ஒலிக்கே நன்கு இசைவது. மேடைகளில் நாம் காணும் ஷூர் எஸ்எம்58 இவ்வகையைச் சேர்ந்தது. 1966 முதல் விற்பனையில் உள்ளது. பண்படுத்தாத அறையில் பேசும் நமக்கு டைனமிக் வகையே ஏற்றது. மேசைமேல் வைக்கும் அழகான கண்டென்சர் ஒலிவாங்கியை விளம்பரத்தில் பார்த்து வாங்கிவிட்டு, எதிரொலியோடு போராடும் கழகங்கள் உண்டு.

கையில் நூறு வெள்ளிகூட இல்லையென்றால் கைப்பேசியே போதும். அதை வாயருகே பிடித்து, படுக்கையறையில் பதிவு செய்யலாம். நூறு வெள்ளிக்குள் என்றால் சட்டையில் செருகும் சிறு ஒலிவாங்கி. போயா பிஒய்-எம்1 என்பது அவற்றில் பரவலானது. 6 மீட்டர் ஒயர் கொண்டது. அதில் ஒரு சிறு விசை உண்டு. கைப்பேசிக்கென ஒரு நிலை, கேமராவுக்கென ஒரு நிலை. அதைச் சரிபாருங்கள். புதிய கைப்பேசிகள் பலவற்றில் வட்டத்துளை இல்லாததால் இடைமாற்றி ஒன்றும் தேவைப்படும். செருகியபின் ஒலிவாங்கியின் தலையை விரலால் இலேசாகத் தட்டிப் பதிவு செய்து கேளுங்கள். தட்டும் ஒலி பெரிதாகக் கேட்காவிட்டால் கைப்பேசி இன்னும் தன் சொந்த ஒலிவாங்கியைத்தான் பயன்படுத்துகிறது.

சில நூறு வெள்ளி சேர்ந்தால் சாம்சன் கியூ2யூ போன்ற டைனமிக் ஒலிவாங்கி வாங்கலாம். யுஎஸ்பி வழியாகக் கணினியில் நேரே இணையும். பிற்காலத்தில் இடைமுகப் பெட்டி வாங்கினால் அதிலும் எக்ஸ்எல்ஆர் ஒயர்வழி இணையும். வளர்ந்தபின் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு. ஒரே கணினியில் இரண்டு யுஎஸ்பி ஒலிவாங்கிகளைச் செருகிப் பதிவு செய்ய முயல்வது தலைவலி. இருவருக்குத் தனித்தனிப் பதிவு வேண்டுமானால் இரண்டு நுழைவாய் உள்ள இடைமுகப் பெட்டி வேண்டும்.

அதையும் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. ஆளுக்கொரு கைப்பேசி, ஆளுக்கொரு சட்டை ஒலிவாங்கி. இரண்டிலும் பதிவைத் தொடங்கியதும் ஒருவர் பலமாக ஒருமுறை கைதட்டுகிறார். திரைப்படப் படப்பிடிப்பில் கட்டை அடிப்பது இதற்காகத்தான். கணினியில் இரு பதிவுகளிலும் அந்தக் கைதட்டலின் கூர்முனையை நேர்ப்படுத்திவிட்டால் உரையாடல் ஒத்திசையும். இரு கைப்பேசிகளின் கடிகாரங்களும் நுண்ணளவில் விலகும் என்பதால் ஒவ்வொரு பதினைந்து நிமிடப் பகுதிக்கும் புதிதாகக் கைதட்டுங்கள். முந்நூறு வெள்ளி மிச்சம்!

புளூடூத் செவிப்பொறிகளை ஒலிவாங்கியாகப் பயன்படுத்த வேண்டாம். தொலைபேசி அழைப்பு முறையில் அவற்றுள் பல 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை வெட்டிவிடுகின்றன. ஸகர ஒலியின் உயிர் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அது போனால் தொலைபேசிக் குரல்தான் மிஞ்சும். ஆனால் கேட்பதற்கு ஒயர் உள்ள ஒரு ஹெட்ஃபோன் அவசியம். பதிவு ஓடும்போதே காதில் கேட்பவர் ஒருவர் இருந்தால், ஒயர் உரசல் நேர்காணல் முடிந்தபின் அதிர்ச்சியாக வராது.

பாட்டியின் முன் அமரும்போது

சட்டை ஒலிவாங்கியை மோவாய்க்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் செருகுங்கள். தாலிக்கொடி, சங்கிலி உரசாத இடமாகப் பாருங்கள். வளையல் கையை மடியில் வைக்கச் சொல்லலாம். வெற்றிலை மெல்லும் பாட்டியிடம் துப்பிவிட்டு வரச் சொல்வதா? என் கருத்தில் வேண்டாம். வெற்றிலை போனால் பேச்சும் போய்விடும்.

நேர்காண்பவர் ‘ஆமாம் பாட்டி’, ‘அப்படியா தாத்தா’ என்று இடைவிடாமல் ஒத்து ஊதக்கூடாது. அவை முதியவரின் சொல்மேல் விழுந்து வெட்டியெடுக்க முடியாமல் போகும். தலையசைத்தால் போதும். மௌனம் வந்தால் அதை நிரப்ப அவசரப்படாதீர்கள். பல கதைகள் அந்த மௌனத்துக்குப் பின்தான் வருகின்றன.

அனுமதி என்பது கருவியைவிட முக்கியம். எங்கே வெளியிடப்போகிறோம், யார் கேட்பார்கள், வேண்டாம் என்றால் நீக்கிவிடலாம் என்பதைத் தமிழில் விளக்கி, அவருடைய ஒப்புதலையும் பதிவு செய்யுங்கள். வேலைநிறுத்தம், சாதி, குடும்பப் பிணக்கு பற்றிய பேச்சில் உயிருடன் இருப்போரின் பெயர் வரலாம். வெளியீட்டில் அதை நீக்கிவிட்டு, முழுப் பதிவைத் தனியே காப்பது நலம்.

பதிவுக்குப் பிறகு

பதிவை வேவ் வடிவில் செய்யுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் எனில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 318 மெகாபைட். ஒலியளவின் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையே இருக்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டு வெடித்த ஒலியை மீட்பது அரிது. ஒவ்வோர் அறையிலும் அரை நிமிடம் யாரும் பேசாமல் வெறும் அமைதியையும் பதிவு செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் அந்த அமைதியை மாதிரியாகக் கொண்டு இரைச்சலைக் குறைக்கும். அளவோடு செய்க, மிஞ்சினால் குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிடும். ழகரமும் ளகரமும் குழைவது தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

ஒரு பகுதி மெல்லவும் அடுத்தது உரக்கவும் கேட்டால் காரில் கேட்பவர் சலித்துப்போவார். ஆடாசிட்டியில் ஒலிச்செறிவை மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் அளவுக்குச் சமப்படுத்துங்கள். ஆப்பிள் நிறுவனம் வலையொலிகளுக்குப் பரிந்துரைக்கும் அளவு அதுவே. வெளியீட்டுக்கு எம்பி3, பேச்சுக்கு ஒற்றைத் தடத்தில் நொடிக்கு 96 கிலோபிட் தாராளம். ஒரு மணி நேரம் 43 மெகாபைட் அளவில் அடங்கும்.

முகப்பு இசைக்குத் திரைப்பாடலை எடுக்காதீர்கள். அதற்கு உரிமையாளர் உண்டு. சுங்கைப் பட்டாணிப் பக்கம் உறுமி மேளக் குழுவுக்குப் பஞ்சமில்லை. ஒரு குழுவிடம் அனுமதி பெற்று, திறந்த வெளியில் பத்து அடி தள்ளி நின்று இருபது நொடி பதிவு செய்தால், வேறெந்த வலையொலிக்கும் இல்லாத முகப்பு உங்களுக்குக் கிடைத்துவிடும்.

வெளியிட இலவசத் தளங்கள் பல உள்ளன. ஆனால் அவை நிலையானவை அல்ல. கூகுளின் வலையொலிச் செயலி 2024இல் மூடப்பட்டது. மூலப் பதிவுகளைக் கழகத்தின் வன்தட்டு ஒன்றில், இணையச் சேமிப்பு ஒன்றில், பேசியவரின் குடும்பத்தாரிடம் ஒரு பிரதி என மூன்றிடத்தில் வையுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், தோட்டத்தின் பெயர் ஆகியவை இருக்கட்டும். செயலவை ஆண்டுதோறும் மாறும் என்பதால் வன்தட்டை யார் யாரிடம் ஒப்படைத்தார் என்பதைப் பொதுக்கூட்டக் குறிப்பில் எழுதிவைக்க வேண்டும்.