சிவகாசிக்கு வேலையாகப் போகிறவர்களே, மதியச் சாப்பாட்டை விடாதீர்கள்

ஆடிப்பெருக்கை ஒட்டி சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதன்பிறகு தீபாவளி முடிகிறவரை வெளியூர் ஆட்கள் வந்தபடி இருப்பார்கள். காலண்டர் ஏஜென்ட், பட்டாசுக் கொள்முதலுக்கு வரும் வியாபாரி, அச்சு இயந்திரம் பார்க்க வரும் சர்வீஸ் இன்ஜினியர், ஆடிட்டர் என்று பலர். மாதத்தில் பத்து நாள் லாட்ஜ் வாசம். உணவு ஆலோசகராக இவர்களில் பலரிடம் பேசியிருக்கிறேன். எடை கூடியதற்கும் சர்க்கரை ஏறியதற்கும் எல்லாரும் சொல்லும் காரணம், விருதுநகர் பரோட்டா. அதில் பாதிதான் உண்மை. இரவு பரோட்டாவுக்கு முன்னால், பகலில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும்.

காலண்டர் ஏஜென்ட் ஒருவரிடம் ஒருநாள் சாப்பிட்டதையெல்லாம் சீட்டில் எழுதச் சொன்னேன். விடியற்காலை ரயிலை விட்டு இறங்கியதும் ஒரு டீ. ஏழரைக்கு இரண்டு வடை, இன்னொரு டீ. அப்புறம் பார்ட்டிகளைப் பார்க்கப் போன இடத்திலெல்லாம் டீ. மதியம் பஸ்ஸில் ஒரு பொட்டலம் சாத்தூர்க் காராச்சேவு. இரவு ஒன்பதரைக்கு நான்கு எண்ணெய் பரோட்டா, சுக்கா, ஆம்லெட். பத்தரைக்குப் படுக்கை. பகல் முழுக்கப் பசித்த வயிறு இரவில் நான்கைக் கேட்கத்தான் செய்யும். அங்கே மன உறுதியைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

டீயை மட்டும் கணக்குப் போடுங்கள். ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் 60 கிராம். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராம் அளவுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதோடு கலர் எனப்படும் குளிர்பானமும் சேரும். காளிமார்க் குளிர்பான நிறுவனம் 1916-ல் விருதுநகரில்தான் தொடங்கியது. வந்தவருக்குக் கலர் வாங்கிக் கொடுப்பது இந்தப் பக்கத்து உபசாரம். இனிப்புக் குளிர்பானங்களில் பொதுவாக 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கொடுப்பவர் மனம் சுருங்கும். அதனால் வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள். “அண்ணாச்சி, எனக்கு ஒரு மோர் போதும்” என்றால் சந்தோஷமாகக் கொண்டுவரச் சொல்வார்கள். டீ என்றால் “சீனி இல்லாம” என்பதை முதல் கடையிலேயே சொல்லிவிடுங்கள். நாலு நாளில் நாக்கு பழகிவிடும்.

மதியம் சாப்பிட்டால் தூக்கம் வரும், இரண்டு பார்ட்டியைப் பார்க்க முடியாமல் போகும் என்று பயப்படுகிறார்கள். தூக்கம் வருவது பெரும்பாலும் சோறு மிஞ்சுவதால். எந்த மெஸ்ஸிலும் இலை போட்டதும் பொரியலும் கூட்டும் முதலில் வரும். சோற்றுக்குக் காத்திருக்காமல் அவற்றைச் சாப்பிட்டு முடித்து, இன்னொரு தடவை கேளுங்கள். காசு கூடாது. ஓட்டலில் ஒரு தடவை வைக்கும் பொரியல் ஒரு கைப்பிடிகூட இராது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியோ, காய்கறியும் பழமும் சேர்ந்து நாளைக்கு 500 கிராம் வேண்டும் என்கிறது. பிறகு ஒரு கரண்டி சோறு, சாம்பார். அடுத்த அரைக் கரண்டிக்கு ரசம், கடைசியில் மோர். அப்பளத்தையும் ஊறுகாயையும் தொடாமல் விட்டால் உப்பு குறையும். அசைவம் சாப்பிடுபவர் அவித்த முட்டையோ மீன் குழம்போ சேர்த்துக்கொள்ளலாம்.

இது கரிசல் பூமி. கம்பும் சோளமும் விளைந்த மண்ணில் காராச்சேவோடு மதியத்தைக் கழிப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. மோர் விட்டுக் கரைத்த கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். பானை மூடியிருக்கிறதா, என்ன தண்ணீரில் கரைக்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். கூழும் மாவுச்சத்துதான் என்பதால் சர்க்கரை உள்ளவர்கள் ஒரு சொம்போடு நிறுத்துவது நல்லது. பஸ்ஸுக்குச் சாத்தூர் வெள்ளரிக்காய் போல வேறொன்றில்லை. பிளந்து மிளகாய்ப்பொடி தடவியதை விட்டுவிட்டு முழுக்காயாக வாங்கி, கழுவிக் கடித்துத் தின்னுங்கள். சாயங்காலம் சுண்டல். பையில் எப்போதும் வறுத்த நிலக்கடலையோ பொரிகடலையோ ஒரு சின்ன டப்பா.

இப்படிப் பகல் கழிந்தால் இரவு எண்ணெய் பரோட்டாவைத் தாராளமாகச் சுவைக்கலாம். அகலமான கல்லில் குளம்போல எண்ணெய் தேங்கியிருக்க, அதில் பொன்னிறமாக முறுகிய பரோட்டாவை இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவைக் குளிக்க ஊற்றுவார்கள். ஊற்றும் முன்பே “சால்னா தனியா கிண்ணத்துல குடுங்கண்ணே” என்று சொல்லிவிடுங்கள். தொட்டுச் சாப்பிட்டால் பாதிச் சால்னா கிண்ணத்திலேயே நின்றுவிடும். இரண்டு பரோட்டா, ஒரு சுக்கா, நிறைய வெங்காயம். எட்டு மணிக்குள் முடித்துவிட்டு லாட்ஜுக்கு நடந்தே போங்கள். வாரத்துக்கு ஒரு இரவு இப்படி என்றால் நான் தடுக்கமாட்டேன். மற்ற இரவுகளுக்கு இட்லி இருக்கிறது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை ஊருக்குக் கிளம்பும் அன்றைக்கு வாங்குங்கள். அறையில் இருந்தால் நள்ளிரவில் டப்பா காலியாகிவிடும்.

பட்டாசு ஆலைக்குள் போய் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதிரிகளைத் தொட்டுப் பார்த்த விரலிலும் சட்டைக் கைமடிப்பிலும் அலுமினியப் பவுடர் வெள்ளி நிறத்தில் மினுங்கும். அதோடு வெடியுப்பு, பேரியம் நைட்ரேட், கந்தகமும் இருக்கலாம். பேரியம் உப்பு வயிற்றுக்குள் போனால் நஞ்சு. நகக்கண் உட்பட சோப்புப் போட்டுக் கழுவாமல் ஒரு கடலைகூட வாயில் போடாதீர்கள். தண்ணீரில் மட்டும் அலசினால் போதாது.

நான் அதிகம் கவலைப்படுவது நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்களையும், கிளைமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களையும் பற்றித்தான். காலையில் மருந்தை எடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கும். வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வரும். சிவகாசி வெயிலில் இவற்றை வெயிலின் வேலை என்று நினைத்து நிழலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடியுங்கள். பிறகு சாப்பிடுங்கள். நினைவு தடுமாறினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் இன்சுலினை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அது கெட்டுவிடும்.

அடுத்த பயணத்துக்கு முன், சாப்பாட்டு நேரம் தவறினால் மாத்திரையையோ இன்சுலினையோ என்ன செய்வது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.