தவறு யாருடையது?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலையில் எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் அம்மாவுடன் உட்கார்ந்திருந்தேன். விவரங்களையெல்லாம் நிரப்பி அனுப்பியதும் திரையில் ‘503’ என்ற எண் வந்து நின்றது. “தப்பா எதையாச்சும் அமுக்கிட்டியாப்பா?” என்றார் அம்மா. நானும் தவறு என்னுடையது என்றே எண்ணித் தலைகுனிந்தேன். அன்றிரவு அந்த அலுவலகத்திற்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்; அது ‘550’ என்ற எண்ணுடன் திரும்பி வந்தது. உதவித்தொகை கிடைக்கவில்லை. அவ்விரு எண்களின் பொருளை இவ்வாண்டுப் பாடத்தில்தான் அறிந்தேன். அதனை நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு கணிப்பொறிகள் பேசிக்கொள்வதற்கு முன்கூட்டியே வகுக்கப்பட்ட ஒழுங்குக்கு நெறிமுறை என்று பெயர். செய்தியைச் சுமந்து சென்று சேர்ப்பது கீழ் அடுக்குகளின் வேலை. என்ன கேட்பது, எப்படி விடையளிப்பது என்பதை வகுப்பது மேலே உள்ள பயன்பாட்டு அடுக்கு. அதிலுள்ள நெறிமுறைகளில் மூன்றை மட்டும் இங்கே காண்போம்.

முதலாவது டி.என்.எஸ். இதனை 1983-இல் வடிவமைத்தவர் பால் மொகபெட்ரிஸ். நாம் தளத்தின் பெயரை எழுதுகிறோம். கணிப்பொறிக்கோ எண் முகவரி வேண்டும். ஊருக்குப் புதியவர் விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடிப்பது போன்றதே இதன் முறை. வேர்ச் சர்வரைக் கேட்டால், அது ‘.இன்’ என முடியும் பெயர்களுக்குப் பொறுப்பான சர்வரைக் காட்டும். அது அந்தத் தளத்திற்குரிய சர்வரைக் காட்டும். அங்கே எண் கிடைக்கும். கிடைத்த விடை சிறிது காலம் நினைவில் வைக்கப்படுவதால் ஒவ்வொரு முறையும் இந்த அலைச்சல் இல்லை.

இரண்டாவது எச்.டி.டி.பி. செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-இல் முன்மொழிந்த வலைத் திட்டத்திலிருந்து பிறந்தது இது. ஓட்டலில் நாம் கேட்பதைச் சர்வர் கொண்டுவருவது போலத்தான் இங்கும். ‘கெட்’ என்றால் பக்கத்தைக் கொடு என்று பொருள். ‘போஸ்ட்’ என்றால் இந்தப் படிவத்தைப் பெற்றுக்கொள் என்று பொருள். விடை மூன்று இலக்க எண்ணோடு வரும். முதல் இலக்கம் 2 என்றால் வேலை முடிந்தது. 3 என்றால் வேறிடம் செல்க. 4 என்றால் குறை கேட்டவர் பக்கம். 5 என்றால் குறை சர்வர் பக்கம். ‘404’ என்பது கேட்ட பண்டம் இங்கில்லை என்பது. ‘503’ என்பது இப்போது பரிமாற இயலவில்லை என்பது.

இந்தச் சர்வருக்கு ஞாபகமறதி உண்டு. ஒரு கேள்வி முடிந்ததும் ஆளை மறந்துவிடும். ஆகவே ‘குக்கி’ என்னும் அடையாளச் சீட்டை நம்மிடம் கொடுத்து, ஒவ்வொரு முறையும் அதைக் காட்டச் சொல்கிறது.

மூன்றாவது, மின்னஞ்சலை அனுப்பும் எஸ்.எம்.டி.பி. 1982-இல் ஜோனதன் போஸ்டல் எழுதி வைத்த விதிகள் இதற்கு அடிப்படை. அனுப்பும் கணிப்பொறி முதலில் தன் பெயரைச் சொல்லி வணங்கும். பின் அனுப்புநர் யார், பெறுநர் யார் என்று கூறும். அதன்பின் கடிதத்தைத் தரும். தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் கடிதம் முடிந்தது. எதிர்ப்பக்கம் ‘250’ என்றால், அதைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு, அல்லது சேரவில்லை என்று தெரிவிக்கும் பொறுப்பு, அதனுடையதாகிவிடும். இங்கே 4-இல் தொடங்கும் எண், தற்போது இயலாது, பின்னர் முயல்க என்பதாகும். 5 என்றால் அப்படியே மீண்டும் அனுப்பிப் பயனில்லை. ஒரே இலக்கம் இரு நெறிமுறைகளில் இரு பொருள் தருவதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

இதைப் படித்த அன்று, திரும்பி வந்த பழைய அஞ்சலைத் திறந்து பார்த்தேன். பெறுநர் முகவரியில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. ஆக, ‘503’ அவர்கள் தவறு. ‘550’ என் தவறு. அம்மாவிடம் விளக்கினேன். “அன்னைக்கே தெரிஞ்சிருந்தா, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் அனுப்பிப் பாத்திருக்கலாமே” என்றார். பள்ளிக்கூடமே போகாத அவர் சொன்னதுதான் சரியான வழி.

என்னைப்போல் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இங்குப் பலர். திரையில் எண் வந்தால் உடனே தலைகுனிய வேண்டாம். முதல் இலக்கத்தைப் பாருங்கள். தவறு நம்முடையதென்றால் திருத்துவோம். இல்லையென்றால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு மீண்டும் முயல்வோம்.