வீட்டுத் தோட்டத்துக்கு மண் பறிக்கும் முன்னர்

விதைப்பவன் உவமையில், மண் அதிகம் இல்லாத பாறை நிலத்தில் விழுந்த விதை விரைவாக முளைத்து, வெயில் ஏறியதும் கருகிப் போகின்றது. வலிகாமம் வடக்கில் கமம் செய்தவர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. சுண்ணாம்புக் கல்லின் மேல் இரண்டு முழம் செம்மண் இருந்த இடத்தில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைந்தன. அந்த மண் போனால் மிஞ்சுவது கல்தான்.

1990 இல் அங்கிருந்து வெளியேறி, 2009 இன் பின்னர் கட்டம் கட்டமாகத் திரும்பிய குடும்பங்கள் பல தமது காணியில் பற்றைக் காட்டையும் இடிந்த சுவரின் கற்குவியலையும் கண்டன. வன்னியில் சில காணிகளில் மண் அணை எழுப்புவதற்காக மேல்மண் முழுவதும் வழித்தெடுக்கப்பட்டிருந்தது. வீடு கட்டியபோது அத்திவாரத்திலிருந்து எடுத்த அடிமண்ணும் சீமெந்துக் கழிவும் முற்றத்தில் பரவிவிட்டன. இப்படிப்பட்ட நிலத்தில் கத்தரிக் கன்று ஒரு சாண் வளர்ந்து நின்றுவிடும். "இரண்டு லோட் மண் பறித்தால் சரி" என்று பலரும் எண்ணுவது இதனாலேயே. எண்ணம் பிழையல்ல. ஆனால் மண்ணுக்குக் கொடுக்கும் பணம் பெரும்பாலும் கடன் பணம் அல்லது கூரைக்கென்று வைத்த பணம். ஆகவே வாங்கும் முன்னர் அறிய வேண்டியவற்றை இந்த இதழில் பார்ப்போம்.

எவ்வளவு மண் வேண்டும்?

மண்ணும் மணலும் எமது பகுதிகளில் கியூப் கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு கியூப் என்பது 100 கன அடி. இதை மனதில் வைத்துக்கொண்டால் மிகுதிக் கணக்கு இலகுவானது. 20 அடி நீளமும் 10 அடி அகலமும் கொண்ட ஒரு துண்டுக்கு அரை அடி உயரத்துக்கு மண் பரப்புவதற்கு 20 ஐ 10 ஆல் பெருக்கி, அதில் பாதியை எடுங்கள். 100 கன அடி, அதாவது ஒரு கியூப். கீரை, வெண்டி, பயிற்றை, மிளகாய் ஆகியவற்றுக்கு இந்த அளவு துண்டு ஒரு குடும்பத்தின் கறிக்குப் பெருமளவு உதவும்.

இதே அரை அடியை ஒரு பரப்புக் காணி முழுவதற்கும் போட்டால் என்ன ஆகும்? ஒரு பரப்பு ஏறக்குறைய 2,720 சதுர அடி. அதற்கு 13 கியூபுக்கு மேல் மண் வேண்டும். இது எந்தக் குடும்பத்துக்கும் தாங்காத செலவு. காணி முழுவதையும் மண்ணால் மூட நினைக்க வேண்டாம் என்பதே எமது அபிப்பிராயம். பாத்திக்கு மாத்திரம் வாங்குங்கள். முருங்கை, எலுமிச்சை, மாதுளை, வாழைக்கு ஒவ்வொரு குழியாக நிரப்புங்கள். இரண்டு அடி நீளம், அகலம், ஆழம் கொண்ட ஒரு குழிக்கு 8 கன அடி போதும். ஒரு கியூபில் பன்னிரண்டு குழிகள் நிரம்பும். குழியில் பாதியைக் குப்பையாலும் சாணத்தாலும் நிரப்பினால் இன்னும் கூடுதலான குழிகளுக்கு வரும்.

புதிதாகப் பறித்த மண் இளகியிருக்கும். ஒரு மழை கண்டதும் ஐந்தில் ஒரு பங்கு வரை அமர்ந்துவிடும். இதைக் கண்டு விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை அளந்து பாருங்கள்

ஏமாற்றம் நிகழ்வது வேறிடத்தில். "ஒரு பெட்டி" என்றும் "ஒரு லோட்" என்றும் பேசி விலையை முடிக்கிறோம். உழவு இயந்திரப் பெட்டி எல்லாம் ஒரே அளவல்ல. உட்பக்கம் 8 அடி நீளம், 5 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள பெட்டியில் 60 கன அடிதான் கொள்ளும். அதை ஒரு கியூப் என்று ஐந்து பெட்டி வாங்கியவர் ஐந்து கியூபுக்குப் பணம் கொடுத்து மூன்று கியூப் பெற்றிருக்கிறார். மேலே கூம்பாக ஏற்றியிருந்தாலும் நாற்பது கன அடிக் குறையை அது நிரப்பாது. ரிப்பரிலும் இதே கதைதான். பலகை உயரத்துக்கு ஏற்றவில்லையென்றால் குறைவே.

ஆகவே ஓர் அடிக்கோலோ அளவு நாடாவோ வைத்திருங்கள். வாகனம் வாசலுக்கு வந்ததும், பறிப்பதற்கு முன்னர், பெட்டியின் உள்ளளவை எடுங்கள். சாரதி முகம் சுளித்தாலும் பரவாயில்லை. விலையை "ஒரு கியூப் இவ்வளவு, ஏற்றிப் பறிக்கும் கூலி உட்பட" என்று பேசி, ஒரு கொப்பித் தாளில் எழுதி இருவரும் கையொப்பம் இடுவது நல்லது. முழுப் பணத்தையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். முதல் லோட்டைப் பார்த்த பின்னர் இரண்டாவதற்குச் சொல்லுங்கள்.

எந்த மண், எங்கிருந்து வந்த மண்?

விற்பவரிடம் முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். விலை இரண்டாவது.

நிலக் கண்ணிவெடி அகற்றப்படாத காணியில் வழித்த மண்ணை எக்காரணம் கொண்டும் வாங்கக் கூடாது. முகமாலைப் பகுதியில் போர் முடிந்து பல ஆண்டுகள் கடந்தும் கண்ணிவெடி அகற்றும் பணி நடைபெற்றது. ஏனைய இடங்களிலும் ஒதுக்குப்புறக் காணிகளில் வெடிபொருள்கள் வெளிவந்திருக்கின்றன. மண்வெட்டி வாளியால் அள்ளி ரிப்பரில் ஏற்றிய மண்ணோடு ஒரு வெடிபொருள் உங்கள் முற்றத்துக்கு வரலாம். அந்த முற்றத்தில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். மண் அகழ்ந்த இடத்தின் பெயரைக் கேளுங்கள். கிராம அலுவலரிடம் அந்த இடம் துப்புரவு செய்து கையளிக்கப்பட்டதா என்று விசாரியுங்கள். பறித்த மண்ணில் உலோகத் துண்டோ, இனந்தெரியாத பொருளோ தென்பட்டால் தொடாமல், பிள்ளைகளை அப்புறப்படுத்தி, பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

உங்கள் காணியிலேயே பழைய மண் அணை நின்றால், அது பெரும்பாலும் உங்கள் காணியின் மேல்மண்தான். முறையாகக் கண்ணிவெடி அகற்றிக் கையளித்த பின்னர் அதைப் பரப்பிவிட்டால் வாங்கும் தேவையே குறையும். அதில் அடிமண் கலந்திருக்கும். ஒரு போகம் பயறோ உழுந்தோ போட்டு மடக்கினால் தேறும்.

அடுத்தது அனுமதி. மண் அகழவும் கொண்டுசெல்லவும் உரிய அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் வழங்குகின்றது. வயல் நிலத்தில் மண் எடுப்பதற்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி தனியான அனுமதி தேவை. பத்திரம் இல்லாமல் இரவில் வரும் மண் மலிவாக இருக்கும். ஆனால் அது இன்னொரு கமக்காரரின் வயலின் முகப்பாகவோ ஒரு குளக்கட்டின் அடியாகவோ இருக்கலாம். மண்ணை இழந்து வந்த நாம் இன்னொருவரை மண் இழக்கச் செய்யலாமா?

நேர்வழியில் கிடைக்கும் மிக நல்ல மண் குளத்து வண்டல். கோடையில் குளம் தூர்வாரும்போது கமக்காரர் அமைப்பின் ஊடாகக் கமநல சேவை நிலையத்தில் கேட்டால் சில வேளைகளில் ஏற்றுக்கூலியுடன் மட்டும் கிடைக்கும். தனி வண்டல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். மணல் தரையோடு கலந்தால் பொன்.

மண்ணைச் சோதித்தல்

மேல்மண் என்று சொல்லி விற்பது பல தடவை அடிமண், அல்லது நிலம் நிரப்பும் கிரவல். மேல்மண் சற்றுக் கறுத்திருக்கும். கையில் எடுத்தால் நார்வேரும் மக்கிய சருகும் தெரியும். நனைத்து முகர்ந்தால் முதல் மழை மணம் வரும். ஈரமாக்கி உள்ளங்கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகி, விரலால் தட்ட உதிர்ந்தால் நல்லது. உருண்டையே ஆகாவிட்டால் மணல். தட்டியும் உதிராமல் பிசின்போல் ஒட்டினால் களி.

ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் படியும். அதன் மேல் மென்மணல், ஒரு நாள் சென்ற பின் களி. படைகளின் தடிப்பைப் பார்த்தாலே விகிதம் விளங்கும்.

உவர்தான் எம்மை அதிகம் கெடுத்த குற்றம். ஒரு வருடம் எமது செய்கைத் துண்டுக்கு, இடத்தைப் பாராமல், நிறத்தைப் பார்த்து நான்கு பெட்டி மண் வாங்கினோம். கறுப்பாகவும் பொலபொலவென்றும் இருந்தது. பயிற்றை இரண்டிலையில் நுனி கருகிற்று. கத்தரி ஊன்றிய கிழமையே சோர்ந்தது. பின்னர் விசாரித்தபோது அது கடல்நீரேரிக் கரையில் வழித்த மண். அதை அள்ளி அகற்றுவதற்கு வாங்கிய செலவிலும் பார்க்கக் கூடச் சென்றது. ஒரு காலபோகமும் போயிற்று.

இப்போது நாம் செய்வது இது. விற்பவரிடம் ஒரு சிரட்டை மண் மாதிரி கேட்டு வாங்குகிறோம். அதில் பத்துப் பயறு, நம்பகமான பழைய தோட்ட மண்ணில் பத்துப் பயறு, இரண்டுக்கும் ஒரே நீர். ஒரு கிழமையில் இரண்டு சிரட்டையிலும் ஒரே அளவாக முளைத்து இலை விரிந்தால் மண்ணைப் பறிக்கச் சொல்கிறோம். பத்தில் நான்கு முளைத்து அதுவும் கருகினால் வேண்டாம் என்கிறோம். ஐயம் தீராவிட்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் மாதிரியைக் கொடுத்துப் பரிசோதிக்கலாம்.

மண்ணோடு விருந்தாளிகளும் வருவார்கள். கோரைக் கிழங்கு ஒன்று வந்தால் ஆயுள் முழுவதும் பிடுங்க வேண்டும். கரட் இலைபோல் பிரிந்த இலையும் சிறு வெண்பூவும் கொண்ட பார்த்தீனியம் யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பரவியிருக்கின்றது. தோலில் சொறியையும் சிலருக்கு மூச்சுத் தொல்லையையும் தரும். மண் அள்ளும் இடத்தில் அது நின்றால் அந்த மண் வேண்டாம். ஆபிரிக்க நத்தையின் முட்டைகள் மஞ்சள் கலந்த வெள்ளை நிறத்தில், பயறளவில், குவியலாக இருக்கும். கண்டால் நசுக்கிவிடுங்கள்.

எப்போது, எங்கே பறிப்பது?

ஆவணி, புரட்டாதி மாதங்களே ஏற்றவை. தரை காய்ந்திருப்பதால் வாகனம் புதையாது; மண் பாரம் குறைந்திருக்கும்; மழை தொடங்க முன் பரப்பிக் குப்பை கலந்து வைக்கலாம். ஒரு கியூப் மண் மூன்றரைத் தொன் அளவு நிறை இருக்கும். ரிப்பரை மலகூடக் குழி மூடியின் மேலோ, பாத்தி போட இருக்கும் இடத்திலோ ஏற்ற விடாதீர்கள். சில்லு அமத்திய தரையில் வேர் இறங்காது. மாமரம், பலாமரத்தின் அடியில் மண்ணைக் குவித்தால் அடிமரம் அழுகும். கிணற்றடிக்கு எட்டவே பறிக்க வேண்டும். மழை இருட்டினால் கிடுகால் அல்லது தறப்பாளால் மூடுங்கள். இல்லாவிட்டால் மண்ணில் நல்ல பங்கு ஒழுங்கைக்கு ஓடிவிடும்.

நிலத்தை மூடும் குப்பை

மண் வாங்கி வெறுமனே வெயிலில் விட்டால் ஒரு கோடையில் அதன் சாரம் போய்விடும். பாத்தியை மூடிவைக்கும் இப்படையைப் பாடநூல்கள் பத்திரக்கலவை என்கின்றன. இரண்டு மூன்று அங்குலம் போதும். 20 அடிக்கு 10 அடித் துண்டுக்கு மூன்று அங்குலம் போட 50 கன அடி, அதாவது அரைக் கியூப். இது இறைக்கும் தண்ணீரைக் குறைக்கும், களையை அடக்கும், மக்கிப் பசளையாகும்.

இதற்குப் பணம் செலவழிப்பது கடைசி வழியாக இருக்கட்டும். வேலியிலுள்ள கிளிசரியா, பூவரசு, இப்பில் இப்பில் ஆகியவற்றை வெட்டிப் பரப்பலாம். பனையோலையைப் புதைத்துத் தோட்டம் செய்த பரம்பரை நாம். அதை நெருப்பு வைத்துக் கொளுத்துவதைக் காணும்போது மனம் வருந்துகின்றது. வாங்குவதென்றால் வைக்கோல், உமி, தும்புத்தூள் ஆகியவற்றைப் பெட்டிக் கணக்கில் பேசலாம். தும்புத்தூளை இரண்டு மூன்று தரம் நீர் ஊற்றி வடியவிட்டு உப்பைப் போக்குங்கள். புதிய மரத்தூள் மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துப் பயிரை மஞ்சளாக்கும். ஒரு வருடம் குவித்து நனைத்து வைத்த பின் பாவிக்கலாம். கரையில் ஒதுங்கும் சாதாளையை ஒரு மாரி மழையில் கழுவ விடுங்கள். எதையும் செடியின் அடித்தண்டில் முட்டப் போடாமல் நான்கு விரல் விலக்கிப் போடுங்கள். கறையான் உள்ள காணியில் வீட்டுச் சுவரோடு ஒட்டப் பரப்ப வேண்டாம்.

இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாமல் உறவினர் வளவிலோ வாடகைக் காணியிலோ இருப்பவர்கள் நிலத்தில் மண் பறிக்காமல், பழைய உரப் பைகளிலும் வெடித்த வாளிகளிலும் நிரப்பிப் பயிரிடுவதே புத்தி. ஊருக்குப் போகும் நாளில் மண்ணும் கூடப் போகும். அடியில் துளை இட மறக்க வேண்டாம். அரைக் கியூப் மண்ணில் ஒரு கன அடிப் பைகள் ஐம்பது நிரப்பலாம்.

நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு ரிப்பர் மண் எடுத்தால் ஏற்றுக்கூலி குறையும். பங்கிடும்போது குவியலைக் கண்ணால் பிரித்தால் மனத்தாங்கல் வரும். ஒரே கடகத்தால் அள்ளி, வீட்டுக்கு இத்தனை கடகம் என்று ஒருவர் உரக்க எண்ண, இன்னொருவர் எழுதட்டும். அடியில் மிஞ்சும் கல்லும் கட்டியும் கலந்த மண்ணையும் அப்படியே கடகக் கணக்கில் பிரிக்க வேண்டும். கடைசியாக வருபவரின் தலையில் அதைக் கட்டக் கூடாது.