அசோலாவை மழைக்கு முன்னே மிதித்துவிடுங்கள்

திருமலைராயன்பட்டினம் வட்டாரச் சம்பா விவசாயிகளுக்கு: ஆவணிக் கடைசி, புரட்டாசி

சம்பாவுக்கு அசோலா போட நினைப்பவர்கள் நடவு முடியட்டும் என்று இருக்க வேண்டாம். நாற்றங்கால் ஓரத்திலேயே இந்த வாரம் பாத்தி கட்டிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். அதற்குள் அசோலா வயலை மூடி, மிதிபட்டு, சேற்றுக்குள் போயிருக்க வேண்டும். நாம் கடைமடைக்காரர்கள். ஒரே நாள் கனமழையில் வரப்பு வழிந்தாலும் மிதந்துகொண்டிருப்பது மொத்தமும் வடிகாலோடு போய்த் திருமலைராஜனாற்றில் சேர்ந்துவிடும்.

20 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஏறக்குறைய ஒரு சென்ட், பாத்திக்குப் போதும். 10 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தி, 10 கிலோ சாணியை 20 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றி, 8 கிலோ அசோலாவைத் தூவுங்கள். சூப்பர் பாஸ்பேட் 100 கிராமை மூன்றாகப் பிரித்து, நான்கு நாளுக்கு ஒரு தடவை போடுங்கள். இப்படி இரண்டு மூன்று பாத்தி இருந்தால் இரண்டு வாரத்தில் ஏக்கருக்கு வேண்டிய 100 கிலோ கிடைத்துவிடும். மாவுக்கு 33 கிலோ கணக்கு.

விதை அசோலா கறவை மாடு வைத்திருப்பவர்கள் தொட்டியிலேயே இருக்கும். இல்லையென்றால் மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். வேடிக்கைதான்: 1970களில் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையம் இதை நெல்லுக்கு உரமாகத்தான் ஆராய்ந்தது. பிறகு கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரம் பிளாஸ்டிக் விரித்த குழியில் வளர்த்து மாட்டுக்குக் கொடுக்கலாம் என்று காட்டியது. வயலில் மறந்துபோன செடி மாட்டுக்கொட்டகையில் பிழைத்துக்கொண்டது.

நட்ட 3 முதல் 5 நாளுக்குள் வயலில் தூவுங்கள். நடவு தள்ளிப்போனவர்கள் 100 கிலோவுக்குப் பதில் 200 கிலோ போட்டால் சீக்கிரம் மூடும். களைக்கொல்லி அடித்த வயலில் இது தேறாது. நேரடி விதைப்பு வயலில் பயிர் தண்ணீருக்கு மேலே நன்றாக நிமிரும்வரை போடவே கூடாது. சின்னப் பயிரைப் போர்த்தி அமுக்கிவிடும்.

"போட்டேன், பச்சைப்பசேலென்று கிடந்தது, பயிருக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மிதிக்காமல் விட்டவர்கள்தான். அசோலா இலையின் மேல்மடலுக்குள் ஒரு சிறு குழி உண்டு. அதில் குடியிருக்கும் நீலப்பச்சைப் பாசிதான் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. உயிரோடு மிதக்கும்வரை அந்தச் சத்தில் பெரும்பகுதி செடிக்குள்ளேயே இருக்கும். மட்கினால்தான் நெல்லின் வேருக்கு வரும். ஆகவே மூன்றாம் வாரக் களையெடுப்பில், தண்ணீரைச் சுண்டவிட்டு, கோனோ வீடரை ஓட்டுங்கள், அல்லது காலால் மிதித்து அமுக்குங்கள். வானிலை அறிக்கையில் கனமழை என்றால் வயல் முழுக்க மூடும்வரை காத்திருக்க வேண்டாம். முக்கால்வாசி மூடியிருந்தாலே மிதித்துவிடலாம். அதுவரை வடிகால் மடையில் பழைய மீன்வலைத் துண்டு ஒன்றைக் கட்டிவையுங்கள். நம் ஊரில் அதற்கா பஞ்சம்?

நன்றாக வந்தால் ஏக்கருக்குச் சுமார் 10 முதல் 12 கிலோ தழைச்சத்து மிச்சம், அதாவது 45 கிலோ யூரியா மூட்டையில் ஏறக்குறைய பாதி. மேலுரத்தில் அந்த அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். யூரியாவை அடியோடு நிறுத்தப் பார்க்காதீர்கள். அசோலா மிதக்கும் நாட்களில் யூரியா வீசுவதும் வேண்டாம், பாசி சத்துப் பிடிப்பது மந்தப்படும்.

செடி செம்பழுப்பாக மாறினால் வெயில் கடுமை, அல்லது மணிச்சத்துக் குறைவு. பாத்தியில் மெல்லிய நூலாம்படைபோல் சுருண்ட திட்டுகள் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. அந்தத் திட்டுகளை அள்ளி வெளியே எறிந்து, நல்லதை வேறு பாத்திக்கு மாற்றுங்கள்.

பட்டினச்சேரிப் பக்கம், முகத்துவாரத்து உப்புநீர் ஏறும் வயல்களுக்கு இந்த ஆலோசனை இல்லை. வாயில் வைத்தால் கரிக்கும் தண்ணீரில் அசோலா தழைக்காது. அங்கே அடுத்த வருஷம் நடவுக்கு முன்பே தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவதுதான் சரி.

மற்றவர்கள் ஒரு பாத்தியை மட்டும் மேட்டில் கட்டி மழைக்காலம் முழுக்கக் காப்பாற்றுங்கள். தாளடிக்கு விதை அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.