மறையக் கூடாத நீலம்

அன்புள்ள இளம் ஆய்வாளருக்கு,

ஹில் வினையைச் செய்து பார்க்கப் போகிறாய் என்று அறிந்தேன். நீலச் சாயம் ஒளியில் வெளிறுவதைக் காண்பது எளிது. வெளிறியதற்கு ஒளிவினையே காரணம் என்று நிறுவுவதுதான் கடினம். அதற்காகவே இக்கடிதம்.

1937-இல் கேம்பிரிட்ஜில் ராபர்ட் ஹில், இலையிலிருந்து பிரித்த பசுங்கணிகங்களுக்கு எலக்ட்ரானை ஏற்கும் பொருளைக் கொடுத்து ஒளி காட்டினார். ஆக்சிஜன் வந்தது, கார்பன் டை ஆக்சைடு தேவைப்படவில்லை. சர்க்கரை உருவாகாமலே ஆக்சிஜன் வெளிவரும் என்பது அப்போது தெளிவானது. அவர் ஃபெரிக் ஆக்சலேட்டைக் கொடுத்தார். நீ டிசிபிஐபி சாயத்தைக் கொடுப்பாய். நீரிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை அது வழியிலேயே வாங்கிக்கொண்டு நிறமிழக்கும்.

சந்தையில் அன்று பறித்த பாலக்கீரையை வாங்கு. கொடிப்பசலை வேண்டாம், அதன் வழவழப்பு வடிகட்ட விடாது. நடுநரம்பை நீக்கிவிட்டு, பனிக்கட்டியில் குளிர்ந்த கல்வத்தில், தாங்கல் கரைசல் சேர்த்த 0.4 மோலார் சர்க்கரைக் கரைசலுடன் விரைவாக அரை. மஸ்லின் துணியில் வடிகட்டி, மையவிலக்கியில் சுழற்றி, அடியில் படியும் பச்சையைக் குளிர்ந்த கரைசலில் கலக்கி பனிக்கட்டியிலேயே வை. சூடு பட்டால் முதலில் கெடுவது நீரைப் பிளக்கும் பகுதிதான். பசுங்கணிகத்தின் வெளியுறை கிழிந்தால் கவலை வேண்டாம். இந்த வினைக்குத் தைலகாய்டு சவ்வு போதும்.

இனி சோதனைக் குழாய்கள். ஒவ்வொன்றையும் ஒரு கேள்வியாக எண்ணு. அலுமினியத் தாள் சுற்றிய குழாய், ஒளி இல்லாமலும் நீலம் மறைகிறதா என்று கேட்கிறது. கீரையிலுள்ள வைட்டமின் சி-யும் சாயத்தை நிறமிழக்கச் செய்யும் என்பதால் இக்கேள்வியைத் தவிர்க்க முடியாது. படிவைக் குளிர்ந்த கரைசலில் மீண்டும் கழுவிச் சுழற்றினால் அந்தத் தொல்லை குறையும். கொதிக்கவைத்த பசுங்கணிகம் உள்ள குழாய், உயிர்ப்புள்ள புரதங்கள் தேவையா என்று கேட்கிறது. பசுங்கணிகமே இல்லாத குழாய், சாயம் ஒளியில் தானாகவே வெளிறுகிறதா என்று கேட்கிறது. டையூரான் என்னும் களைக்கொல்லி கிடைத்தால் இன்னொரு குழாய் சேர். அது இரண்டாம் ஒளியமைப்பிலிருந்து எலக்ட்ரான் வெளியேறும் வாயிலை அடைக்கும். அங்கேயும் நீலம் நிலைத்தால் உன் வாதம் வலுப்பெறும்.

விளக்குக்கும் குழாய்களுக்கும் நடுவே தண்ணீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டி வை. இல்லையேல் ஒளியின் விளைவையும் வெப்பத்தின் விளைவையும் பிரித்தறிய மாட்டாய். சிறிய விளக்கைத் தூரம் மாற்றி வைத்துப் பார்ப்பதானால் நினைவில் கொள்: தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகும்.

நிறமானியை 600 நானோமீட்டரில் வை. சாயம் சேர்க்காத பசுங்கணிகக் கரைசலைக் கொண்டு சுழியாக்கு, இல்லாவிட்டால் பச்சையின் பங்கும் கணக்கில் ஏறிவிடும். அளவீட்டின் தொடக்கச் சரிவிலிருந்து வேகத்தைக் கணி. சாயம் தீரத் தீரக் கோடு வளைவது ஒளிவினை தளர்ந்ததற்குச் சான்றாகாது. இருட்டுக் குழாயின் எண்ணையும் அறிக்கையில் எழுது, அது சுழியாக இல்லாவிட்டாலும் சரி.

நீலம் மறைந்த குழாயைப் பார்த்து மகிழ்வதற்கு முன், மறையக் கூடாத குழாய்களில் அது அப்படியே இருக்கிறதா என்று பார். அங்கே அது நின்றால்தான் உன் முடிவும் நிற்கும்.

அன்புடன்,
உன் மூத்த ஆய்வகத் தோழர்