உனக்காகத்தான் செய்தேன்

போன மாதம் எங்கள் ஞாயிறு சமய வகுப்பில் அயோத்தியா காண்டம் பேசிக்கொண்டிருந்தோம். கைகேயி வரம் கேட்கும் இடம். எல்லாரும் அவளைத் திட்டி முடித்த பிறகு, பின் வரிசையில் இருந்த ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, அவங்க கேட்டது தப்புன்னு தசரதருக்குத் தெரியும்ல? அப்புறம் ஏன் முடியாதுன்னு சொல்லல?"

அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வால்மீகியை மறுபடி எடுத்துப் படித்தேன். கைகேயி தசரதரைப் பொய் சொல்லி மடக்கவில்லை. போர்க்களத்தில் அவர் உயிரைக் காப்பாற்றியது உண்மை. இரண்டு வரம் தருவதாக அவர் சொன்னதும் உண்மை. அந்த உண்மையை வைத்தே அவரைக் கட்டிப்போடுகிறாள். நகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோப அறையில் தரையில் படுக்கிறாள். என்ன வேண்டும் என்று சொல்லுமுன்பே சத்தியம் வாங்கிவிடுகிறாள். அவர் கெஞ்சும்போது, புறாவுக்காகத் தன் சதையையே கொடுத்த சிபியை எடுத்துக் காட்டுகிறாள். அதுவும் போதாமல், விஷம் குடித்து உங்கள் கண் முன்னே சாவேன் என்கிறாள்.

இதை நாமும் கேட்டிருக்கிறோம் இல்லையா? "உனக்காக எவ்வளவு செஞ்சேன், நன்றி இருக்கா?" "நல்ல பொண்ணுன்னா இப்படிச் செய்வாளா?" "நீ போனா நான் செத்துடுவேன்." வாட்ஸ்அப்பில் வந்தாலும் வரிசை அதேதான். சொன்ன சொல்லுக்கும் நன்றிக்கும் மதிப்புக் கொடுக்கிறவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள். மனசாட்சியே இல்லாதவனைக் குற்ற உணர்வால் பிடிக்க முடியாதே!

அடுத்த ஞாயிறு பரதனை எடுத்துக்கொண்டேன். எல்லாம் உனக்காகத்தான் செய்தேன், அரசை ஏற்றுக்கொள் என்கிறாள் தாய். அவன் வாங்கவில்லை. அவன் கேட்காமலே செய்த ஒன்று அவனுக்கு எப்படிக் கடனாகும்? தாயிடம் மிகக் கடுமையாகவே பேசுகிறான் (அந்த இடத்தை வகுப்பில் கொஞ்சம் வேகமாகத் தாண்டினேன்). ஆனால் மந்தரையை இழுத்துப் போட்ட சத்ருக்னனைத் தடுத்ததும் அவனே.

வகுப்பு முடிந்ததும் அந்தத் தங்கை நின்றாள். "அண்ணா, அவன் நிஜமாவே ஏதாச்சும் பண்ணிக்கிட்டா?"

அந்தப் பயம் நியாயமானது. "அதை நீ மட்டும் சுமக்காதம்மா. அவன் வீட்டுல சொல்லு. உடனடி ஆபத்துன்னா 999. உதவிக்கு ஆள் கூப்பிடலாம், அதுக்காக அவன்கூடவே இருக்கணும்னு இல்ல" என்றேன். அவளுக்கே பேச ஆள் வேண்டுமென்றால் தாலியான் காசே 15999 இருக்கிறது, 24 மணி நேரமும்.

எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொண்டாள். அவன் பார்த்துவிடுவானாம், அதனால் வேறு பெயரில்.